காப்புக் கட்டிய டீசல்

முகுந்தன் காணாமல் போய் ஐந்தாவது நாள். 'டத்தோ' என்ற அரசுப் பட்டம் வாங்கிய லோகேந்திரனின் ஷோரூமில் அன்றைக்கும் வியாபாரம் நடந்தது. சொல்லப்போனால் வழக்கத்தைவிட நன்றாகவே நடந்தது.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு டயர் கடைக்கும் பெயின்ட் கடைக்கும் நடுவே இருந்தது அந்த ஷோரூம். நீண்ட பயணம் போகும் ஃபோர்-பை-ஃபோர் வண்டிகளுக்கு ராட்சத டீசல் டேங்க், கூரைச் சட்டம், ஜெரிகேன் தாங்கி எல்லாம் கிடைக்கும். நடுவில் டத்தோவின் வண்டியைக் கழுவாமல் நிறுத்தியிருந்தார்கள். கதவின் பாதி உயரத்துக்குச் சேறு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சுற்றிலும் பித்தளைக் கம்பம் நட்டு, சிவப்பு வெல்வெட் கயிறு. 'தொடாதீர்கள். இது காட்டின் சேறு' என்று மலாயிலும் தமிழிலும் ஒரு பலகை.

"சேத்துக்கு வேலி போட்ட ஒரே ஆளு இவருதான்" என்றான் இக்ராம். "இதே சேத்தை எங்க கடைவாசல்ல கழுவாம விட்டா, நகராட்சிக்காரன் அன்னைக்கே அபராதச் சம்மன் குடுத்துட்டுப் போவான்."

"மெதுவா பேசு" என்றாள் குமுதா.

குமுதா பல வருடங்கள் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் விபத்து உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவள். பொய் சொல்பவர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு பொய் சொல்பவர்களைப் பிடிப்பது அலுத்துப்போனதால், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள். இக்ராம் அவள் உதவியாளன். கிள்ளானில் குடும்பத்தின் நாசி கண்டார் சோற்றுக் கடையிலிருந்து தப்பி, சுற்றுலா வேன் ஓட்டி, அதிலிருந்தும் தப்பி இங்கே வந்து சேர்ந்தவன். வாய் மட்டும் எங்கிருந்தும் தப்பவில்லை.

ஷோரூமின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாதவி உட்கார்ந்திருந்தாள். முகுந்தனின் மனைவி. முந்தின நாள் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்து, அழாமல், "எல்லாரும் அவரைத் தேடுறாங்க. ஆனா யாரும் சரியா கேள்வி கேக்கல அக்கா" என்று சொன்னவள். இன்றைக்கு அவள் தோளில், முகுந்தனும் உறுப்பினனாக இருந்த டத்தோவின் காட்டுப் பயணக் கிளப் ஜாக்கெட்டைப் போர்த்தியிருந்தார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். வாசலில் நாலைந்து நிருபர்கள் டத்தோ வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்தபடி நின்றார்கள். டத்தோவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் காப்பியோடு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன.

டத்தோ வந்தார். ஐம்பது வயது. உடம்பெல்லாம் பை வைத்த காக்கிச் சட்டை. பைகள் எல்லாம் காலி.

"மேடம், போலீஸ்ல சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்" என்றார். "குவா மூசாங் பக்கம், காட்டு மரம் ஏத்தற லோகிங் ரோட்ல மூணு வண்டி. உள்ள போனா பெட்ரோல் ஸ்டேஷன் கிடையாது, ஊரு கிடையாது, ஒண்ணும் கிடையாது. இங்கேருந்து கொண்டு போற டீசல்தான் உயிர். அந்தப் பொறுப்பு முகுந்தனோடது. மூணாவது ஆத்தைத் தாண்டறப்போ எல்லா ஜெரிகேனும் காலி. கணக்குத் தப்பு. மனுஷன் வெக்கப்பட்டுட்டாரு. டீசல் கொண்டாறேன்னு யார்கிட்டயும் சொல்லாம விடியறதுக்கு முன்னாடி நடந்தே போயிட்டாரு. நாங்க திரும்பி வந்ததே நம்ம ஒட்டகம் டேங்க்காலதான் லா."

ஒட்டகம் என்பது அவர் விற்கும் டேங்க்கின் பெயர். சொல்லும்போது பக்கத்தில் வைத்திருந்த மாதிரி டேங்க்கை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். ஒரு மனிதன் காட்டில் தொலைந்த கதையை இவ்வளவு லாவகமாக விளம்பரமாக்க எல்லாராலும் முடியாது.

"அவர் தப்பா கணக்குப் போடுற ஆளில்ல" என்றாள் மாதவி நாற்காலியிலிருந்தே. குரல் உயரவில்லை. "மேப்புல இருக்கிற தூரத்தை ரெண்டால பெருக்குவாரு. சேத்துல வண்டி அவ்வளவு குடிக்கும்னு. அதுக்கு மேல மூணுல ஒரு பங்கு சேப்பாரு. போர்ட் டிக்சன் கடலுக்குப் போறதுக்கே யாருக்கும் தெரியாம ஒரு கேன் ஒளிச்சு எடுத்துட்டு வர்ற மனுஷன்."

"மனைவி அப்படித்தான் சொல்லணும்" என்றார் டத்தோ கனிவாக. அந்தக் கனிவு கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"காலி ஜெரிகேன் எல்லாம் இருக்கா?" என்று கேட்டாள் குமுதா.

"அதோ."

சுவர் ஓரமாகப் பன்னிரண்டு மஞ்சள் இரும்புக் கேன்கள் வரிசையாக நின்றன. பளபளவென்று இருந்தன. மேலே 'இதே ரகம் விற்பனைக்கு உண்டு' என்று எழுதியிருந்தது.

கிளம்பும் முன் வெள்ளிக்கிழமை, வீட்டு வாசலில் நிறைத்து வைத்த கேன்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கோயிலில் பூசித்த மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்து, ஒவ்வொரு மூடியின் கொக்கியோடும் சேர்த்துக் காப்புக் கட்டியிருந்ததாக மாதவி முந்தின நாள் சொல்லியிருந்தாள். முகுந்தன் முதலில் சிரித்திருக்கிறான். பிறகு, "நல்லதுதான். இனி கயிறை அறுக்காம எவனும் மூடியைத் திறக்க முடியாது. எனக்குச் சீல் மாதிரி" என்றிருக்கிறான். டத்தோவின் கிளப்பில் ராத்திரி கேனைத் திறந்து அவரவர் வண்டிக்கு ஊற்றிக்கொள்வது வழக்கமாம். காட்டுக்குள் தோழமை அப்படி.

"மாதவி காப்புக் கட்டியிருந்தாங்களே" என்றாள் குமுதா.

"ஆமா, நல்ல பொண்ணு. ஊத்தறப்போ ஒண்ணொண்ணா அறுத்தோம். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"குங்குமத்தைக் காணோமே."

"கழுவிட்டோம். டீசல் வாடை, கஸ்டமர் வர்ற இடம் பாருங்க."

"வண்டியைக் கழுவல."

"வண்டி..." டத்தோ ஒரு கணம் தேடினார். "வண்டி ஞாபகார்த்தம்."

இதற்குள் இக்ராம் ஒரு கேனின் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டிருந்தான். நிதானமாக மோந்துவிட்டு, "ரொம்ப நல்லா கழுவியிருக்கீங்க டத்தோ. புது ஃபிரிட்ஜுக்குள்ள தலை விட்ட மாதிரி இருக்கு" என்றான்.

குமுதா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் வாயை மூடு என்பது. அவன் மூடினான். பின்னால் நகரும்போது கால் தடுக்கி வெல்வெட் கயிற்றின் மேல் விழுந்து, வண்டியின் மட்கார்டைப் பிடித்து எழுந்தான்.

"சேறு, சேறு" என்று பதறினார் டத்தோ. "உதிர்ந்திரப் போகுது."

"சாரி டத்தோ. காட்டைக் கண்டா எனக்கு மயக்கம் வரும்" என்றான் இக்ராம். அவன் உள்ளங்கை மூடியிருந்தது.

டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் மூன்று மணிக்குக் குவா மூசாங் கிளம்புகிறாராம். மாதவியையும் நிருபர்களையும் அழைத்துக்கொண்டு. "நாளையிலேருந்து தேடுற ஆளுங்களைக் குறைக்கப் போறாங்களாம். நான் விடமாட்டேன். அவரைக் கண்டுபிடிக்காம திரும்ப மாட்டேன்" என்றார். கடைசி வாக்கியத்தைக் குமுதாவிடம் சொல்லவில்லை. வாசலில் இருந்த கேமராவிடம் சொன்னார்.

மாதவி குமுதாவின் கையைப் பிடித்தாள். "நான் போகட்டுமா அக்கா?"

"மூணு மணி வரைக்கும் இங்கேயே இருங்க. போனை மட்டும் கையிலேயே வச்சிருங்க."

*

இக்ராம் தன் பழைய காரை மரநிழலில் நிறுத்தி உள்ளங்கையைத் திறந்தான். ஒரு சேற்றுப் பொருக்கு. குமுதா அதை டிஷ்யூ காகிதத்தில் வைத்து உடைத்தாள்.

"லோகிங் ரோடு மண் என்ன நிறம்?"

"செவப்பு. ஒரு தடவை வெள்ளைக்காரனுங்களை ஏத்திட்டுப் போனேன். ஜட்டி வரைக்கும் செவப்பு. அதை அவனுங்க ஊருக்கே எடுத்துட்டுப் போனானுங்க."

"இது?"

பொருக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது. உடைந்த இடத்தில் கருப்பு. அதற்குள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப்பியும், நாரோடு சப்பையாகிப்போன, எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் ஒன்றும் இருந்தன.

இக்ராம் சிப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "பாவம், குவா மூசாங் வரைக்கும் கடல்ல இருந்து நடந்தே வந்திருக்கு."

"மெடல் மாதிரி மாட்டி வச்சிருக்காரு, இக்ராம். தப்பான மெடல். காட்டுப் பக்கமே போகாத ஆளுக்குத்தான் எந்தச் சேத்தைக் காட்டணும்னு தெரியாது."

"அப்போ டத்தோ நிருபருங்களுக்குக் குடுத்த அந்த வீடியோ? ஆத்துல வண்டி இறங்குறது, தண்ணி தெறிக்கிறது?"

"தோட்டத்து வாய்க்காலா இருக்கும். செம்பனையை ஃபிரேமுக்கு வெளிய வச்சுட்டா எல்லாத் தண்ணியும் ஆறுதான்."

அதே நேரம் தேடும் ஹெலிகாப்டர் குவா மூசாங்குக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. மலையேறும் பழக்கமுள்ள முப்பது நாற்பது பேர் ஒரு மனிதன் கால் வைக்காத காட்டில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேனுக்கு வருவோம்" என்றாள் குமுதா. "அந்தப் பன்னிரண்டும் புதுசு. டீசலையே பாக்காதது. அப்போ மாதவி கட்டின கேன் எங்க?"

"வித்திருப்பாங்க. இப்போ டீசல் விக்கிற விலைக்கு எவனும் கீழ கொட்ட மாட்டான்."

"வித்தா காலிக் கேனைத் திருப்பி வாங்கியிருப்பாங்களே. புதுசு வாங்க வேண்டியதில்ல. அவரோட கூரைச் சட்டத்தைப் பாத்தியா?"

"பாத்தேன். எங்க உம்மாவோட பிரியாணிச் சட்டியை வச்சாலே வளைஞ்சிரும்."

"நிறைஞ்ச கேன் பன்னிரண்டுன்னா மூணு ஆளுங்க கூரையில உக்காந்த மாதிரி. அந்தப் பாரத்தோட வாய்க்கால்ல இறங்கினா வண்டி கவுந்துரும். வீரத்தைக் காட்டறதுக்கு முன்னாடி பாரத்தை இறக்கியிருப்பாங்க. பக்கத்துலேயே. திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு."

"ஆனா திரும்பி வந்து எடுக்கல."

"எடுக்க முடியாதபடி ஏதோ நடந்திருக்கு."

இக்ராம் சாவியைத் திருகினான். "கடலும் செம்பனையும் ஒட்டி நிக்கிற இடம், இங்கேருந்து ஒரு மணி நேரத்துல. புலாவ் கேரி அக்கா. நண்டு சாப்பிட எத்தனை பஸ் கொண்டு போயிருக்கேன்."

*

பந்திங் சாலையில் வெயில் ஏறியிருந்தது. பாலத்தைத் தாண்டிக் கேரி தீவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் செம்பனை வரிசை. ஒரே உயரம், ஒரே இடைவெளி. எந்தத் திசையில் பார்த்தாலும் இதற்குமுன் பார்த்த இடம் போலவே இருந்தது. காடு என்று பொய் சொல்ல வசதியான இடம்தான்.

கடலை ஒட்டிய மண்வரப்புக்குப் போகும் பாதை பிரியும் இடத்தில் ஒரு தகரக் கூரைக் கடை. இராஜம்மா என்ற அம்மாள் நடத்தினாள். தோட்டத்து ஆட்களுக்கு தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் பிஸ்கட்டும். இக்ராம் பால் விடாத தேநீர், இரண்டு தே ஓ சொல்லிவிட்டுக் கடையைச் சுற்றி நடந்தான். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"அக்கா. பின்னாடி கேன்வாஸ் துணிக்குக் கீழ."

பன்னிரண்டு கேன்கள். சந்தனம் வெடித்திருந்தது. குங்குமம் வழிந்து காய்ந்திருந்தது. ஒவ்வொரு மூடியின் கொக்கியிலும் மஞ்சள் கயிறு, மஞ்சள் துண்டு. ஒன்றுகூட அறுபடவில்லை. குமுதா ஒரு கேனை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. தட்டியபோது கழுத்தருகே மட்டும் வெற்றுச் சத்தம் வந்தது. வெயிலில் பொங்குவதற்கு இடம் விட்டு, ஒழுங்காக நிறைத்திருந்தது.

"அது என்னுது இல்லம்மா" என்று பின்னாலேயே வந்தாள் இராஜம்மா. "பெரிய ஜீப்பு மூணு வந்துச்சு. கூலிங்கிளாஸ் போட்டவரு, வண்டி பாரமா இருக்கு, சாயங்காலம் எடுத்துக்கறேன்னாரு. திரும்பிப் போறப்போ இந்தப் பக்கம் பாக்கக்கூட இல்ல. நாய் தொரத்துன மாதிரி போனாங்க."

"நீங்க பயன்படுத்தலையா?" என்றான் இக்ராம். "பன்னிரண்டு கேன் டீசல், ஆன்டி."

"என் மருமகன் அவன் படகுக்கு ஊத்தலாம்னு வந்தான். கையை ஒடிச்சிருவேன்னு சொல்லிட்டேன். காப்புக் கட்டுன பொருள் தம்பி. யாரு வீட்டு நேத்திக்கடனோ. கட்டுனவங்கதான் அறுக்கணும்."

குமுதா கேன்வாஸை மூடினாள். "அந்த ஆளுங்க ஏதாவது பேசிக்கிட்டாங்களா அக்கா?"

"பேச்சா? சண்டை. ஒருத்தரு கேன் மேலயே உக்காந்துட்டாரு, எறக்க விடமாட்டேன்னு. 'காட்டுக்குன்னு சொல்லித்தானே கணக்குப் போடச் சொன்னீங்க, இந்தத் தோட்டத்துக்குள்ள சுத்தவா டீசல்'னு கேட்டாரு. மத்தவங்க சிரிச்சாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிருவேன்னாரு. அப்புறம் சிரிக்கல. கூலிங்கிளாஸ்காரரு தோள்ல கை போட்டு, வா பேசிக்கலாம்னு வண்டியில ஏத்திட்டு வரப்புப் பக்கம் போனாரு."

வரப்புக்கு அந்தப் பக்கம் மதகு. அதற்கப்பால் சதுப்புக் காடு. தண்ணீர் வற்றி, சாம்பல் சேறு வெயிலில் மின்னியது. டத்தோவின் வண்டியில் இருந்த அதே சேறு. இக்ராம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"திரும்பிப் போறப்போ அவரு வண்டியில இருந்தாரா?" குமுதா கேட்டாள்.

"கண்ணாடி கறுப்பும்மா. தெரியல."

"அதுக்கப்புறம் இந்தப் பக்கம் யாராவது... ஏதாவது கெடைச்சுதா?"

கேள்வியை அவளால் நேராகக் கேட்க முடியவில்லை. இராஜம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் பழம் வெட்டுற பையனுங்க ஓடி வந்தானுங்க. மதகுக்குக் கீழ ஒரு ஆளு கெடக்குறான்னு. போய்ப் பாத்தேன். மூஞ்சி வீங்கி, தலையிலேருந்து கால் வரைக்கும் சேறு. மூச்சு இருந்துச்சு. ஆம்புலன்ஸ் வந்து கிள்ளானுக்குக் கொண்டு போச்சு. போலீஸும் வந்துச்சு. அடையாளக் கார்டு இல்ல, போன் இல்ல. மோட்டார் சைக்கிள்ல வந்து விழுந்தவனா இருக்கும்னு பேசிக்கிட்டாங்க. ஆனா அது வேற ஆளும்மா."

"எப்படித் தெரியும் வேற ஆளுன்னு?"

இராஜம்மா அவளை வினோதமாகப் பார்த்தாள்.

"அந்த ஆளா இருந்தா, கூட வந்தவங்க போட்டுட்டா போவாங்க?"

இந்தக் கிழவிக்குத் தோன்றாத ஒன்றின் மேல்தான் டத்தோ தன் கதையைக் கட்டியிருந்தார். முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் தொலைந்தவனைக் கடலோரத்து ஆஸ்பத்திரியில் யாரும் தேட மாட்டார்கள். நல்லவர்கள் நல்லவர்களாக இருப்பதை நம்பியே சில அயோக்கியர்கள் பிழைக்கிறார்கள்.

"தே ஓ ஆறுது" என்றாள் இராஜம்மா.

"நீங்களே குடிங்க ஆன்டி" என்று கார்க் கதவைத் திறந்தான் இக்ராம். "போலீஸ் வந்து கேக்கற வரைக்கும் உங்க மருமகனை அந்தப் பக்கம் விடாதீங்க."

*

கிள்ளானில் பார்வையாளர் நேரம் முடிய இருந்தது. வார்டு நர்ஸ் மலர் அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"குடும்பமா?"

"குடும்பம் வரணும். அதுக்கு முன்னாடி அவருதானான்னு பாக்கணும்" என்றாள் குமுதா.

ஓரத்துக் கட்டிலில் தலையெல்லாம் கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மாதவி கொடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட அங்கே முகம் என்று எதுவும் மிச்சமில்லை. தலைமாட்டு அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்று மலாயில் எழுதியிருந்தது. குமுதா போர்வையைக் கொஞ்சம் விலக்கினாள். வலது மணிக்கட்டில், ஊசிக்கும் பிளாஸ்திரிக்கும் மேலே, மஞ்சள் துண்டு கோத்த கயிறு.

"துணி எல்லாம் வெட்டித்தான் எடுத்தோம்" என்றாள் மலர், ஏதோ தப்பில் மாட்டிக்கொண்டவள் போல. "இதை மட்டும் அறுக்க மனசு வரல. மேல தள்ளி விட்டுட்டேன். நேத்துலேருந்து கண்ணு முழிக்கிறாரு. பேசல."

குமுதா காதருகே குனிந்தாள். "முகுந்தன். மாதவி அனுப்பி வந்திருக்கேன். உங்க டீசல் பத்திரமா இருக்கு. பன்னிரண்டு கேன். ஒரு கயிறுகூட அறுக்கல."

திறந்திருந்த கண் அவளைத் தேடிப் பிடித்தது. உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றபோது சொல்லாக வந்தது.

"பதிமூணு."

இக்ராம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இது முகுந்தன்தான். மண்டை ஒடைஞ்சும் கணக்குத் திருத்துறாரு."

"பதிமூணாவது எங்க?" என்று கேட்டாள் குமுதா.

"டத்தோ வண்டி. பின் சீட்டு... கீழ. சின்னது. அவருக்குத் தெரியாது." மூச்சு வாங்கினான். பிறகு, யாரும் கேட்காமலே, "ரிவர்ஸ் எடுத்தாரு" என்றான். "நான் பின்னாடி நிக்கிறது தெரியும். சிரிச்சுக்கிட்டே எடுத்தாரு. இறங்கி வந்து பாத்தாரு. என் பையை எடுத்துட்டுப் போயிட்டாரு."

கண் மூடிக்கொண்டது. மலர் அவர்களை வெளியே போகச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

தாழ்வாரத்தில் குமுதா முதலில் போலீஸை அழைத்தாள். பேச்சு நீளவில்லை. அப்போது மணி மூன்றை நெருங்கியிருந்தது. பிறகு மாதவியை அழைத்தாள்.

"மாதவி, எங்க இருக்கீங்க?"

"ஷோரூம்லதான் அக்கா. எல்லாரும் கிளம்பறாங்க. வேற வண்டியில ஏறச் சொல்றாங்க."

"ஏறாதீங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. அந்தச் சேத்து வண்டிக்குப் போங்க. நிருபர்களையும் கூப்பிடுங்க. பின் சீட்டுக்குக் கீழ கையை விட்டுப் பாருங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. பித்தளைக் கம்பம் ஒன்று தரையில் உருண்டது. கதவு திறந்தது. தூரத்திலிருந்து டத்தோவின் குரல் நெருங்கி வந்தது. "அந்த வண்டியைத் தொடாதீங்க மாதவி. சேறு உதிரும்."

ஐந்து நாளாக யாரும் அந்த வண்டியைத் தொடவில்லை. தொடாதபடி பார்த்துக்கொண்டது அவர் வைத்த பலகைதான்.

இரும்பு சீட்டில் உரசும் சத்தம்.

"கேன் அக்கா" என்றாள் மாதவி. "நெறைய டீசல் இருக்கு. கயிறு அப்படியே இருக்கு. நான் போட்ட முடிச்சு."

"டத்தோ, கேக்குதா?" என்றாள் குமுதா. "உங்க வண்டிக்குள்ளயே டீசல் இருக்கறப்போ, டீசல் தேடி அவரு எந்தக் காட்டுக்குள்ள நடந்து போனாரு?"

"இது... யாரோ வச்சிருக்காங்க." டத்தோவின் குரலில் கனிவு காணாமல் போயிருந்தது. "அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டோம். ஒரு கேனை வச்சு என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணு இல்ல. மத்த பன்னிரண்டும் இராஜம்மா கடையில இருக்கு. அதுலயும் கயிறு அறுக்கல."

ஷோரூமில் காப்பிக் கோப்பையை யாரோ கீழே வைத்தார்கள். கேமராக்கள் வாசலிலிருந்து உள்ளே திரும்பும் அரவம் போனிலேயே கேட்டது.

"எந்த இராஜம்மா? எனக்கு எந்தக் கடையும் தெரியாது. நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"ஆஸ்பத்திரியிலேருந்து."

குமுதா காத்திருந்தாள். இன்ஷூரன்ஸில் கற்றுக்கொண்டது அது. பொய்க்காரனுக்கு இடம் கொடுத்தால் போதும்.

"அங்கே... அவரு என்ன சொன்னாரு?" என்றார் டத்தோ கடைசியாக.

"என்ன சொன்னாருன்னு கேக்கறீங்க" என்றாள் குமுதா. "உயிரோட இருக்காரான்னு இன்னும் கேக்கல."

அந்தப் பக்கம் ஒரே சமயத்தில் பல பேர் பேசத் தொடங்கினார்கள். கேள்விகள். அந்த நிருபர்களிடமிருந்து அன்றைக்கு வந்த முதல் கேள்விகள். எல்லாவற்றுக்கும் மேலாக மாதவியின் மூச்சு மட்டும் போனுக்கு அருகில் கேட்டது.

"அக்கா" என்றாள்.

"இருக்காரு, மாதவி. பேசினாரு. கிள்ளான் ஆஸ்பத்திரியில, உங்க வீட்டுலேருந்து இருபது நிமிஷத் தூரத்துலதான் இத்தனை நாளும் இருந்திருக்காரு. டாக்சி புடிச்சு வாங்க" என்றாள் குமுதா. "வர்றதுக்கு முன்னாடி அந்த ஜாக்கெட்டைக் கழட்டி அவர்கிட்டயே குடுத்துட்டு வாங்க."